தொகையுள் மறைந்த குடும்பம்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிசன மதிப்புகளும் யாழ்ப்பாணத்துக் கம்மாளரும்

சிற்றூர் ஒன்றிலே கம்மாலை வைத்துத் தொழில் செய்த கொல்லன் ஒருவனின் குடும்பத்தை ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் ஆவணங்களின் துணைகொண்டு மீட்டெடுத்தல் இயலுமா? இவ்வினாவுக்குரிய விடை, அக்கொல்லன் எந்நாட்டில் வாழ்ந்தான் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் ஸ்கொத்லாந்தின் நாட்டுப்புறத்தில் அவன் வாழ்ந்திருப்பின் பெரும்பாலும் இயலும். அதே மகாராணியின் ஆட்சிக்கு உட்பட்டு, அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவன் வாழ்ந்திருப்பின் குடிசன மதிப்பு அவனை ஓர் எண்ணாக மட்டுமே அறியும். ஒரே பேரரசு தன் குடிகளை இருவேறு வகையில் எண்ணியது ஏன் என்பதும், எண்ணாக மட்டும் எஞ்சிய யாழ்ப்பாணத்துக் கைவினைஞன் குடும்பத்தை வேறெங்கே தேடலாம் என்பதும் ஆராயத்தக்கன.

பிரித்தானியாவில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுக்கப்பட்டு வந்ததாயினும், ஆளுக்கு ஆள் பெயர் குறித்து எழுதும் முறை நாடளாவிய வகையில் 1841 இலேயே நிலைபெற்றது. 1851 இல் குடும்பத் தலைவனுக்கும் வீட்டிலுள்ள ஏனையோருக்கும் உள்ள உறவு, மணநிலை, பிறந்த இடம் என்பனவும் வினவப்பட்டன. வேலையாட்களை வைத்திருந்த தொழிலாளன் எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறான் என்பதையும் கூற வேண்டியிருந்தது. 1861 இல் ஸ்கொத்லாந்துப் படிவத்தில் வீட்டில் சாளரமுள்ள அறைகள் எத்தனை என்ற வினா சேர்ந்தது. 1881 இல் கேலிக் மொழி பேசுவோர் யாவர் என்ற வினாவும் சேர்ந்தது. கணக்கெடுப்பாளர் படியெடுத்து ஒப்படைத்த ஏடுகள் அழிக்கப்படாது பேணப்பட்டு, நூறாண்டு கடந்தபின் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. அவ்வேட்டின் ஒரு பக்கத்தை நோக்குவார்க்குக் கொல்லனின் பெயர், அகவை, அவன் மனைவி பிறந்த பங்கு, தந்தையின் தொழிலையே பழகும் மூத்த மகன், அயலூரிலிருந்து வந்து அதே கூரையின் கீழ் உறங்கும் தொழில் பழகுநன் ஆகிய யாவரும் ஒருங்கே காட்சி தருவர். அடுத்த பத்தாண்டு ஏட்டைப் புரட்டினால் கொல்லன் இறந்திருப்பான்; கைம்பெண் குடும்பத் தலைவியாகியிருப்பாள்; பழகுநன் வேறிடத்தில் தனிப் பட்டறை வைத்திருப்பான். 1855 இல் ஸ்கொத்லாந்தில் தொடங்கிய கட்டாயப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளையும் இவற்றோடு இணைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறு உருப்பெறும். கேம்பிரிட்ஜில் 1964 இல் பீற்றர் லாஸ்லெற், ரொனி றிக்லி ஆகியோர் தொடங்கிய ஆய்வுக் குழு பங்குப் பதிவேடுகளையும் குடிப்பட்டியல்களையும் கொண்டு குடும்ப வரலாற்றை ஒரு தனித்துறையாகவே வளர்த்தது. மன்னரும் தளபதிகளும் இல்லாத வரலாறு எழுதப்படலாயிற்று.

இலங்கையில் நவீன முறையிலான முதற் குடிசன மதிப்பு 1871 மார்ச் 27 இல் எடுக்கப்பட்டது. தீவின் மக்கள் தொகை அன்று ஏறத்தாழ 24 இலட்சம். தொடர்ந்து 1881, 1891, 1901 ஆம் ஆண்டுகளிலும் மதிப்புகள் நிகழ்ந்தன. 1901 இல் தொகை 35 இலட்சத்தைத் தாண்டியது. எண்ணும் பணி மாகாண அரசாங்க அதிபரின் மேற்பார்வையில் ஊர்த் தலைமைக்காரரின் துணையுடனேயே நடைபெற்றது. வட மாகாணத்தில் 1871, 1881, 1891 ஆகிய மூன்று மதிப்புகளின்போதும் அரசாங்க அதிபராக இருந்தவர் வில்லியம் துவைனம் ஒருவரே. 1869 தொடக்கம் 1896 வரை அவர் அப்பதவியில் இருந்தார். வீடுவீடாக எழுதப்பட்ட படிவங்களோ, தொகை கூட்டி முடிந்ததும் பயன் தீர்ந்த தாள்களாயின. எஞ்சியவை அச்சிட்ட அட்டவணைகளே. இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது.

அவ்வட்டவணைகள் பயனற்றவை என்பது கருத்தன்று. 1901 ஆம் ஆண்டு மதிப்பை நடத்திய பொன்னம்பலம் அருணாசலம், மானிப்பாயை முன்னோர் ஊராகக் கொண்டவர்; அவர் எழுதிய அறிக்கை வெறும் புள்ளிவிபரமாக அமையாது தீவின் வரலாறு, சமயம், மொழி ஆகியவற்றை விரித்துரைக்கும் நூலாகவே அமைந்தது. பேராதனையில் அவர் பெயர் தாங்கிய மண்டபத்தில் வதியும் மாணவர் பலர், அவரைப் பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாக அறிவரேயன்றிக் குடிசன மதிப்பாளராக அறியார். 1911 ஆம் ஆண்டு மதிப்பைப் பற்றி டென்ஹாம் எழுதிய அறிக்கையும் இத்தகையதே. ஆயினும் இவ்விரு பெருநூல்களிலும் ஒரு தச்சனின் பெயரையோ அவன் பிள்ளைகளின் எண்ணிக்கையையோ காண்டல் அரிது.

மக்களை எவ்வாறு வகுத்தார்கள் என்பதும் நோக்கற்பாலது. 1824 இல் எடுக்கப்பட்டு 1827 இல் அச்சிடப்பட்ட கரையோர மாவட்டங்களின் குடித்தொகைக் கணக்கு, மக்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டியது. 1871 ஆம் ஆண்டு மதிப்பு சாதியை விடுத்து இனம், தேசியம் என்னும் பாகுபாடுகளை மேற்கொண்டது. அவ்வாண்டில் 24 இனங்களும் 78 தேசியங்களும் எண்ணப்பட்டன! பத்தாண்டுகளின் பின் இனங்கள் 7 ஆகச் சுருங்கின. இந்தியாவில் 1931 வரை சாதி வினவப்பட்டு வந்தமையோடு ஒப்பிடின் இஃது ஒரு முக்கிய வேறுபாடாகும். எனவே, பிற்கால ஆய்வாளன் யாழ்ப்பாணத்துக் கம்மாளரைக் காண விரும்பின், தொழில் அட்டவணையையே நாட வேண்டியவனாகின்றான். ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஸ்கொத்லாந்தில் ‘கொல்லன்’ என்பது ஒருவன் செய்யும் தொழிலின் பெயர். அவன் மகன் ஆசிரியனாகலாம். அப்போது அடுத்த ஏட்டில் அவன் ஆசிரியன் என்றே எழுதப்படுவான். யாழ்ப்பாணத்திலோ கொல்லர், தச்சர், கன்னார், சிற்பர், தட்டார் என்னும் ஐவகைக் கம்மாளரின் பெயர்கள் தொழிலையும் பிறப்பையும் ஒருங்கே சுட்டுவன. படிவத்தில் சாதிக்கு இடமில்லை. ஆயினும் எழுதும் கை ஊர்த் தலைமைக்காரனின் கை. உடையாரும் விதானையும் பெரும்பாலும் நிலவுடைமைச் சமூகத்தினராயிருந்த காலத்தில், தோட்டம் செய்து பிழைக்கும் தச்சன் ஒருவனை அவர்கள் கமக்காரன் என்று எழுதினரா, தச்சன் என்றே எழுதினரா? அட்டவணையில் உள்ள எண் இதற்கு விடை கூறாது. முன்வாசலால் வெளியேற்றப்பட்ட சாதி, தொழில் நிரலின் வழியே பின்வாசலால் உள்ளே வந்திருத்தல் கூடும் என்ற ஐயத்துடனேயே அவ்வெண்களைக் கையாளுதல் தகும்.

தொழிற்பெயரின் பொதுமையும் ஒரு குறைபாடே. ‘தச்சர்’ என்ற ஒரே சொல்லின் கீழ் எத்துணை வேறுபட்ட கைவினைகள் அடங்கின! கலப்பையும் மாட்டு வண்டிலும் செய்தவன் தச்சன். கிணற்றுத் துலா நாட்டியவன் தச்சன். பனைமரத்தை அரிந்து வளையும் தீராந்தியும் சலாகையும் ஆக்கிக் கூரை ஏற்றியவன் தச்சன். கோயிற்றேர் கடைந்தவனும் தச்சனே. வடமராட்சிக் கரையில் கடலோடிக் கப்பல்கள் கட்டியோரும் உளர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது பலரும் அறிந்த செய்தி. அத்தகைய கப்பலை ஆக்கவல்ல கைத்திறன் ஒரு தலைமுறையில் தோன்றியதன்று. விக்டோரியா காலத்து அட்டவணைகளில் அவர்தம் முன்னோரும், கலப்பைக்கு மேழி செதுக்கியோரும் ஒரே எண்ணுள் அடங்கினர்.

இனி, தொழில் என்பது ஆண்டு முழுதும் ஒரே வகையாக நிகழ்வதுமன்று. மாரி தொடங்குமுன் கொழுவும் மண்வெட்டியும் தோய்க்கும் வேலை கொல்லனுக்குக் குவிந்து கிடக்கும். அவற்றின் கூலி காசாக உடன் கிடைப்பதில்லை; சூடு மிதித்து நெல் கண்டபின் கமக்காரர் அளந்து கொடுப்பதே வழக்கு. இடைப்பட்ட காலத்தில் அக்குடும்பம் சிறுதோட்டத்தையும் பனையையும் நம்பி வாழ்ந்தது. சீவற்றொழிலாளிக்குப் பாளைக்கத்தி அடித்துக் கொடுத்தல் போன்ற வேலைகளுக்கு வேறு கணக்கு உண்டு. இவையனைத்தையும் ஒரு சொல்லால் நிரப்பவேண்டிய கட்டமாகத் தொழில் நிரல் அமைந்திருந்தது. பெண்களின் நிலை இன்னும் மோசம். துருத்தி இழுத்த மனைவியின் உழைப்பும் கரி சுமந்த மகளின் உழைப்பும் எந்த நிரலிலும் ஏறவில்லை. இவ்வொரு வகையில் ஸ்கொத்லாந்துக் கொல்லன் மனைவியும் நம்மவளும் ஒத்த நிலையினரே. அங்கும் அவள் பெயருக்கு எதிரேயுள்ள தொழிற்கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே காணப்படும்.

பெயரெழுதி மக்களைப் பதியும் முறையை யாழ்ப்பாணம் அறியாததன்று என்பதே இங்கு வியப்புக்குரியது. போர்த்துக்கேயர் 1645 இல் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கென ஓர் இறைப் பதிவேட்டை ஆக்கினர். 1658 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஊர்தோறும் தோம்பு எழுதினர். காணியின் பெயர், அதன் அளவு, உடையவன் பெயர், அவன் சாதி என்பன அவற்றிலே இடம்பெற்றன. இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒல்லாந்தக் கொம்பனிக்கு ஒவ்வோர் ஆளிடமிருந்தும் பெறவேண்டியது ஒன்று இருந்தது. தலைவரி ஒருபுறம், ஊழியம் எனப்பட்ட கட்டாய வேலை மறுபுறம். ஊழியத்துக்குக் கட்டுப்பட்டோர் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கொம்பனிக்கு உழைக்க வேண்டியிருந்தது. கைவினைஞரிடம் அவர்தம் தொழிலையே சேவையாகப் பெற்றனர். கோட்டைக்கு ஆணியும் கதவும் வேண்டும்போது எவ்வூரில் எந்தக் கொல்லன், எந்தத் தச்சன் உளன் என்பது பெயரோடு தெரிந்திருத்தல் அவசியமாயிற்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கைவினைஞன் ஆட்சியாளர்க்குப் பெயரால் அறியப்பட்டமைக்குக் காரணம் அவன் மீதிருந்த மதிப்பன்று. அவன் முதுகின் மீதிருந்த சுமையே.

1832 இல், கோல்புறூக்கின் விதப்புரையை அடுத்து இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளனைப் பெயரால் அறியவேண்டிய தேவையும் அத்தோடு பெரிதும் நீங்கிற்று. அரசின் வருவாய் இறக்குமதித் தீர்வை, தானிய வரி, சாராயக் குத்தகை ஆகியவற்றை நோக்கித் திரும்பியது. தலையை எண்ணினாற் போதும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் 18 முதல் 55 வரை அகவையுடைய ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவோ அதற்கீடாகப் பணம் கட்டவோ வேண்டும் என விதித்தபோது மட்டும் பெயர்ப்பட்டியல் மீண்டும் வேண்டப்பட்டது. பெயரும் சுமையும் கூடவே வந்தன என்பதற்கு இதுவும் ஒரு சான்று எனலாம். ஸ்கொத்லாந்திலோ நிலைமை வேறு. அங்கே ஏழைகளுக்கான உதவி, பள்ளிக் கல்வி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய காலம் அது. சாளரமுள்ள அறைகளை எண்ணியதன் நோக்கம் நெருக்கடியான வாழிடங்களை அறிதலே. குடியேற்ற நாட்டில் அத்தகைய பொறுப்பு எதுவும் ஏற்கப்படாதபோது அறைகளை எண்ணுவானேன்?

அவ்வாறாயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கம்மாளர் குடும்பத்தை எங்கே தேடுவது? முதலாவது இடம் நொத்தாரிசின் உறுதி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி தொடர்பான கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என விதித்தது. 1863 இல் காணிப் பதிவுச் சட்டமும் வந்தது. ஆகவே சீதன உறுதி, நன்கொடை உறுதி, அறுதி உறுதி, ஈட்டு உறுதி என யாழ்ப்பாணம் உறுதிகள் நிறைந்த நாடாயிற்று. குடாநாட்டில் காணித் துண்டுகள் மிகச் சிறியன. பரப்பும் குழியுமாகப் பிரிந்தவை. ஒவ்வோர் உறுதியும் காணியின் நாற்புற எல்லைகளையும் அவற்றை உடையோரின் பெயர்களையும் கூறும். தன் பெயரில் ஓர் உறுதியும் எழுதுவிக்க வசதியற்ற கொல்லனுங்கூட அயலவனின் உறுதியில் கிழக்கெல்லையாகவோ வடக்கெல்லையாகவோ இடம்பெற்றுவிடுகிறான். குடிசன மதிப்பு பெயரின்றி எண்ணிய ஒருவனை, அவன் அறியாமலே, அயற்காணியின் விற்பனை பெயரோடு பதிந்துவைத்தது. இவ்வெல்லைப் பெயர்களை ஊர்வாரியாகத் திரட்டி நிரைப்படுத்தினால் ஒரு தெருவின் குடும்பங்கள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எவ்வாறு இடம் மாறின என்பது புலப்படும். அலுப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஸ்கொத்லாந்து ஏடுகளுக்கு ஈடான ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஆக்குவதற்கு இதனினும் நேரிய வழி இல்லை.

1867 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும், 1816 இல் வந்த அமெரிக்க மிசனின் திருச்சபை ஏடுகளும் துணையாகக் கொள்ளத்தக்கன. எனினும் கிறித்தவராகாத கம்மாளர் திருச்சபை ஏட்டில் இடம்பெறார் என்பது சொல்லாமலே விளங்கும்.

உறுதிகளை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடிசன மதிப்பு ‘வீடு’ என்பதை அலகாகக் கொண்டது. ஸ்கொத்லாந்துக் கொல்லனின் வீடும் தொழிலும் ஒன்றோடொன்று பிணைந்தவை; பட்டறையைப் பெறும் மகன் பெரும்பாலும் வீட்டையும் பெறுவான். யாழ்ப்பாணத்தில் தொழில் ஒரு வழியாகவும் வீடு மற்றொரு வழியாகவும் சென்றன. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸினால் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுத்தது. தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு என்பது பழைய நெறி. காலப்போக்கில் மூவகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் மேலோங்கியது. மணமகன் மனைவியின் சீதன வீட்டுக்குச் செல்வது பெருவழக்காயிற்று. கம்மாளர் குடும்பத்தில் இதன் விளைவு யாது? உலையும் சம்மட்டியும் மகனைச் சேர்கின்றன. வீடும் வளவும் மகளோடு நிற்கின்றன. தொழில் கற்ற மகன் வேறொரு வளவில் மருமகனாகிறான். இவ்வீட்டுக் கம்மாலையில் வேறொருவன் மகன் மருமகனாக வந்து சேருகிறான். அவன் பெரும்பாலும் மாமியின் மகனோ அம்மானின் மகனோ என்பதால் தொழில் தெருவை விட்டு நீங்குவதில்லை. ஸ்கொத்லாந்து வீட்டில் அயலூர்ப் பழகுநன் வகித்த இடத்தை யாழ்ப்பாணத்து வீட்டில் வகித்தவன் மருமகனே எனலாம்.

ஆகவே இங்கு ஆராயத்தக்க அலகு வீடன்று, தெருவும் குறிச்சியுமே. ஊர்ப்பெயர்கள் இதற்குக் கரி பகர்கின்றன. யாழ்ப்பாண நகரில் தட்டாதெருவும் கன்னாதிட்டியும், தென்மராட்சியில் தச்சன்தோப்பும், தெல்லிப்பழைப் பகுதியில் கொல்லங்கலட்டியும் உள்ளன. எந்தக் கணக்கெடுப்பாளனின் துணையுமின்றி மக்கள் வாய்மொழியில் வழங்கும் குடிசன மதிப்பு இது. ஆயினும் தெருப்பெயர் ஒருமுறை இடப்பட்டபின் நிலைத்து நிற்கும். உள்ளே வாழ்வோர் மாறுவதை அது சொல்லாது.

அவர்களோ மாறிக்கொண்டேயிருந்தனர். 1868 இல் செர்மானிய வேதியியலாளர் அலிசரின் என்னும் சாயப்பொருளைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரிலிருந்து பெறப்பட்ட செந்நிறத்தின் மூலப்பொருளும் அதுவே. வட மாகாணத்தில் வேர் கிண்டியோரும் துணி தோய்த்தோரும் ஒரு தலைமுறைக்குள் நலிந்தனர். இரும்புச் சாமான்கள் கப்பலில் மலிந்து வந்தபோது கொல்லனின் வேலையிலும் ஒரு பகுதி கழிந்தது. உழவுக் கருவிகளின் தேய்மானமே அவனைக் காத்தது. தட்டாரின் நிலை இதற்கு நேர்மாறு. புகையிலைக் காசும், நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்குப் புகையிரத சேவைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் சென்றோர் அனுப்பிய பணமும் பெண்களின் நகையாக உருவெடுத்தன. ஒரே ‘கம்மாளர்’ என்னும் பெயரின் கீழ் ஒருசாரார் தேய, ஒருசாரார் வளர்ந்தனர். பஞ்சகம்மாளரை ஒரே தன்மையினராகக் கொண்டு எழுதும் எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் கவனியாது விடுகின்றன.

சான்றுகளைத் திரட்டும் பணி தாழ்த்தற்குரியதன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுவடிகளும் கிடைத்தற்கரிய உள்ளூர் வெளியீடுகளும் சாம்பராயின. 1991 இல் நாட்டில் குடிசன மதிப்பே எடுக்கப்படவில்லை. 2001 இல் எடுக்கப்பட்டபோது வடக்கின் பெரும்பகுதி முழுமையாக எண்ணப்படவில்லை. 1981 க்கும் 2012 க்கும் இடைப்பட்ட முப்பத்தோராண்டுகளில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டுத் தச்சனைப் போல எண்ணாகக்கூட முழுமையாக அறியப்படவில்லை. ஒல்லாந்தர் தோம்புகளில் எஞ்சியவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் உள்ளன. உறுதிகளின் நிலை அவ்வாறன்று. அவற்றின் மூலப்படிகள் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது சிலர் அவற்றைக் கைப்பையில் எடுத்துச் சென்றனர். பலர் விட்டுச் சென்றனர்.

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின் வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, மதிலும் வேலியும் அழிந்த நிலத்தில் எல்லை காண்பதற்கு உடையவர்கள் கையில் எடுத்துவந்தவை இந்த உறுதிகளே. வீடு இருந்த இடமும் கிணறு இருந்த இடமும் பற்றைக் காடாய்க் கிடக்க, கிழக்கெல்லை இன்னாருடைய காணி, வடக்கெல்லை இன்னாருடைய கம்மாலை வளவு என்ற பழைய வரிகளை வாசித்தே கயிறு பிடிக்க வேண்டியிருந்தது.